கண் சிமிட்டிய கோயில் பல்பு

அத்தியாயம் 6

கையெழுத்துப் போட்டால் வேலை போகும். போடாவிட்டாலும் வேலை போகும். அப்படியிருக்க, மின் லைன் வேலை ஒப்பந்தக்காரர் பழனியாண்டி எதற்காகக் காகிதத்தோடு தன் சட்டைப்பையிலிருந்த நல்ல பேனாவையும் எடுத்து நீட்டுகிறார் என்பது சுதாகரனுக்குப் புரியவில்லை.

"மூணு மணிக்கு மின்சார சபைப் பெரிய ஐயா விசாரணைக்கு வாறாரு. அதுக்கு முன்னுக்கே நான்தான் பியூஸ் போட்டேன்னு எழுதிக் குடுத்துட்டா உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது," என்றார் பழனியாண்டி.

"எனக்கு என்னா நல்லதுங்க?"

பழனியாண்டி கொஞ்சம் யோசித்தார். "எழுதிட்டோங்கிற நிம்மதி."

மார்ல்டன் தேயிலைத் தோட்டத்து ட்ரான்ஸ்போமருக்குக் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான் சுதாகரன். மடியில், கைக்குட்டையில் முடிந்த மூன்று பியூஸ்கள். நேற்றுக் காலை அவனே கழற்றியவை. அதற்குப் பிறகு சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அவை அவனை விட்டுப் பிரியவில்லை.

"அப்ப கரண்ட்டு எங்கயிருந்துடா வந்துச்சி? வானத்துல இருந்தா?" என்றார் பழனியாண்டி.

"அதக் கேக்கத்தான் நாங்க ரயில் புடிச்சி வந்திருக்கோம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து ஏறிவரும் குறுக்குப்பாதையில் இரண்டு பெண்கள் நின்றார்கள். முன்னால் நின்றவர் சண்முகவடிவு. ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் 'வடிவு துப்பறியும் நிலையம்' என்ற பலகை தொங்குகிறதே, அதன் சொந்தக்காரி. நாற்பது வயது, கம்பளிச் சட்டை, கையில் குடை. பின்னால் மூச்சு வாங்க நின்றவள் உதவியாளர் ரினோஸா. கீழே இருக்கும் ஹார்ட்வெயார் கடை அவளுடைய வாப்பாவுடையது. எந்த ஆணிக்கு எந்தச் சுத்தியல் என்பது முதல் எந்த வயருக்கு எந்த பியூஸ் என்பது வரை கடையிலேயே வளர்ந்து தெரிந்துகொண்டவள். பேசுவதும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். கடையில் பேச்சுக்குக் கட்டணம் இல்லை.

"நான்தாங்க உங்களுக்கு போன்ல கோல் எடுத்தேன்," என்று எழுந்தான் சுதாகரன்.

"இது மூணும் உங்க புள்ளைங்களா?" என்று ரினோஸா கைக்குட்டையைக் காட்டினாள்.

"கழட்டின பியூஸ். நேத்து ஒம்பது மணிக்குக் கழட்டினது. இன்னும் திருப்பிப் போடல. சத்தியமா."

வடிவு கல்லில் உட்கார்ந்தார். "மொதல்ல இருந்து சொல்லுங்க தம்பி."

மூன்று நாளைக்கு முன் பெய்த மழையில் ஒரு சவுக்கு மரம் சாய்ந்து லைனில் விழுந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் ரெண்டாம் நம்பர் லயத்துக்கும் அதன் கோடியில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் போகிற லைன். கரண்ட் போயிற்று. நேற்று சுதாகரனும் அவனோடு வேலை செய்யும் லைன்காரன் நிரோஷனும் வேலைக்கு வந்தார்கள். சுதாகரன் இங்கே பியூஸைக் கழற்றிவிட்டுக் காவல் இருந்தான். நிரோஷன் கோயிலடி கரண்ட் போஸ்டில் ஏறினான். ஏறுமுன் கம்பியைச் சோதித்துப் பார்த்தார்கள். கரண்ட் இல்லை. பத்து இருபதுக்கு அதே கம்பி நிரோஷனை அடித்தது.

"இடுப்புப் பட்டி போட்டிருந்தனால கீழ விழல. உள்ளங்கை வெந்துருச்சி. ஆஸ்பத்திரியில இருக்கான். தேறிட்டான், ஆனா அவனும் என்கிட்ட பேச மாட்டேங்கிறான். நான்தான் போட்டேன்னு நெனைக்கிறான்." சுதாகரன் தலையைக் குனிந்துகொண்டான். வேலை போவதை விட அதுதான் அவனைக் கொன்றுகொண்டிருந்தது என்று வடிவுக்குத் தோன்றியது.

"நெனைக்கிறதென்ன, அந்த நேரம் கோயில் பல்பு எரிஞ்சத மலையில இருந்த பொம்பளைங்க எல்லாம் கண்டிருக்காங்க," என்றார் பழனியாண்டி. "பல்பு எரிஞ்சா கரண்ட்டு. கரண்ட்டுன்னா பியூஸ். பியூஸுன்னா இவன்."

கணக்கு நேராகத்தான் இருந்தது. வடிவுக்கு நேரான கணக்குகள் பிடிக்காது.

சுதாகரன் பக்கத்திலிருந்த ஒரு பொட்டலத்தை ரினோஸாவிடம் நீட்டினான். "வடைங்க. எனக்கு எறங்கல. நிரோஷன் பொஞ்சாதி சுலக்ஷனா காலையில குடுத்தனுப்புச்சி, வேலை செய்ற ஆளுங்களுக்குன்னு. அதுக்கு மட்டுந்தான் என் மேல கோவம் இல்ல போல."

ரினோஸா இரண்டாம் முறை சொல்லவிடவில்லை. "பஞ்சு மாதிரி இருக்கு அக்கா. உளுந்து நல்லா பொங்கியிருக்கு. லேசாப் புளிப்பு, அது பரவாயில்ல."

"தின்னுட்டே நட," என்றார் வடிவு. "பல்பைப் பாத்த கண்ணைப் பாக்கணும்."

*

அந்தக் கண்ணின் சொந்தக்காரி அழகம்மா. ரெண்டாம் நம்பர் லயத்துக்குப் பின்மலையில் கொழுந்து எடுப்பவர். பகல் சாப்பாட்டுக்கு லயத்துக்குத் திரும்பியவர், கூடையை இறக்காமலே ஆரம்பித்தார்.

"பட்டப்பகல்லங்க. மூணு நாளா கரண்ட்டு இல்ல. திரும்பிப் பாக்கிறேன், கோயில் பல்பு எரியிது. அதுவும் சும்மா இல்ல. என்னையப் பாத்து ஆத்தா கண்ணடிச்சிச்சி."

"கண்ணடிச்சிச்சா?"

"மங்கும், அப்புறம் பளிச்சினு வரும். மறுபடி மங்கும். நாலஞ்சு தரம். நான் கூடையோட விழுந்து கும்பிட்டேன்."

பழனியாண்டி கடிகாரத்தைப் பார்த்தார். "பல்பு எரிஞ்சிச்சின்னு சொல்லிருச்சில்ல. போதும்."

"போதாதுங்க." வடிவு திரும்பினார். "ரினோஸா, லைன் கரண்ட்டுல பல்பு கண்ணடிக்குமா?"

ரினோஸா வடையை விழுங்கினாள். "லைன் கரண்ட்டு ஆத்துத் தண்ணி மாதிரி அக்கா. ஒரு வீட்ல ஒரு வாளி மொண்டா ஆத்துக்குத் தெரியுமா? தெரியாது. ஆனா சின்ன ஜெனரேட்டருன்னா குடத்துத் தண்ணி. கிரைண்டர் மாதிரி இழுக்கிற சாமான் ஒன்னு தொடங்கினா, ஜெனரேட்டர் ஒருக்கா மூச்சு வாங்கும். பல்பு மங்கும். சமாளிச்சிட்டா திரும்ப எரியும். நிப்பாட்டி நிப்பாட்டி அரைச்சா, நிப்பாட்டி நிப்பாட்டி மங்கும்."

"அப்ப ஆத்தா இல்லியா?" என்றார் அழகம்மா.

"ஆத்தா வேற யாரையோ பாத்து கண்ணடிச்சிருக்கா," என்றாள் ரினோஸா.

கூடவே வந்திருந்த சுதாகரன் நிமிர்ந்தான். அவன் முகத்தில் நேற்றிலிருந்து இல்லாத ஒரு தெளிவு வந்தது. "அப்ப கரண்ட்டு ட்ரான்ஸ்போமர்ல இருந்து வரல. இந்தப் பக்கத்துல இருந்து லைனுக்குள்ள போயிருக்கு."

"யாரோ வீட்டுக்குள்ள ஜெனரேட்டரைக் குடுத்திருக்காங்க. வீட்டோட நிக்காம மீட்டர் வழியா வெளிய ஓடி, போஸ்டுல ஏறியிருக்கு," என்றாள் ரினோஸா. "இதுக்குன்னே ஒரு வயர் செய்வானுங்க. ரெண்டு நுனியிலயும் பிளக். ஒரு நுனி ஜெனரேட்டர்ல, மறு நுனி செவுத்துல. அப்படி ஒரு வயர் கேட்டு வந்தா வாப்பா ஆளைக் கடையில இருந்து எழுப்பி விட்டுருவாரு."

"இந்தத் தோட்டத்துல சின்ன ஜெனரேட்டர் யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார் வடிவு.

அழகம்மா கையை நீட்டினார். விரல் நேராகப் பழனியாண்டியைக் காட்டியது.

"இவரு லொறியில ஒன்னு இருக்குங்க. மரம் அறுக்கிற அன்னைக்கி ஓட்டினாங்க."

எல்லாரும் பழனியாண்டியைப் பார்த்தார்கள். அவர் பேனாவைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அது வேலைக்கு. லொறியிலதான் இருக்கு. வாங்க, காட்டுறேன்."

லொறியின் பின்கதவு திறந்தது. கயிறு இருந்தது. ஏணி இருந்தது. மூலையில் எண்ணெய்க் கறையோடு நாலு கால் பதிந்த ஒரு சதுரம் இருந்தது. ஜெனரேட்டர் இல்லை.

பழனியாண்டி வாயைத் திறந்தபடி நின்றார். தார்பாயைத் தூக்கிப் பார்த்தார். ஏணிக்குப் பின்னாலும் பார்த்தார். ஏணிக்குப் பின்னால் ஒரு ஜெனரேட்டரை ஒளிக்க முடியாது என்பது தெரிந்தும் பார்த்தார். அது நடிப்பு இல்லை என்று வடிவு முடிவு செய்தார். தார்பாயைத் தூக்கியபோது ரினோஸாவின் கண்ணில் வேறொன்று பட்டது.

"இது என்னாங்க, பொலித்தீன்கூடப் பிரிக்காம? எர்த் வயர் செட்டு. வேலை தொடங்க முன்ன கம்பியை மண்ணோட சேத்துக் கட்டுறது. இதக் கட்டியிருந்தா எவன் ஜெனரேட்டர் போட்டாலும் நிரோஷன் அண்ணனுக்கு ஒன்னும் ஆகியிருக்காது. பூசை போட்டு வச்சிருக்கீங்களா?"

பழனியாண்டி தார்பாயை மறுபடி இழுத்து மூடினார்.

"அத அப்புறம் பேசுவோம்," என்றார் வடிவு. "ஜெனரேட்டர் எங்க போச்சி?"

அழகம்மா தன் கவலையில் இருந்தார். "எனக்கு நேத்து நாளே சரியில்லீங்க. ஆத்தா கண்ணடிச்சிச்சேன்னு சந்தோசமா கொழுந்து நிறுக்கப் போறேன், கங்காணி கொழுந்தை மோந்து பாத்துட்டு அப்படியே கீழ கொட்டிட்டாரு. பெட்ரோல் வாடையாம். நான் என்னா லொறியா ஓட்டினேன்?"

வடிவு குடையைச் சுருக்கினார். "அழகம்மா அக்கா, அந்தக் கொழுந்தை எந்த நெறை வரிசையில எடுத்தீங்க?"

"லயத்துல கடைசி வீடு, கோடிக் காம்பராவுக்குப் பின்னுக்கு. வேலியோரம். மெஷின் சத்தங்கூட கேட்டிச்சி, மரம் அறுக்கிறாங்கன்னு நெனைச்சேன்."

"தேயிலை மாதிரி மோப்பம் புடிக்கிற சாமான் வேற இல்ல. பக்கத்துல வச்ச வாடைய அப்படியே இழுத்து வச்சிக்கும்." வடிவு நடக்கத் தொடங்கியிருந்தார். "கோடிக் காம்பரா யாரோடது?"

சுதாகரன் நின்றுவிட்டான்.

"நிரோஷனோடதுங்க," என்றான்.

*

ஜெனரேட்டர் ஒளிந்திருக்கவில்லை. கோடிக் காம்பராவின் பின்வாசலுக்குப் பத்தடி தள்ளி, தேயிலைச் செடிக்கு முதுகைக் காட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பின்னாலிருந்த செடியின் இலைகள் கருகியிருந்தன.

வாசலில் சுலக்ஷனா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கையில் பிளாஸ்க், தோளில் பை. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுவிட்டாள்.

"சுதா அண்ணே, வாங்க. வடை சாப்பிட்டீங்களா?" என்றாள். பிறகுதான் மற்றவர்களைப் பார்த்தாள்.

வடிவு தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். "வடையப் பத்தித்தான் கேக்க வந்தோம். எப்ப அரைச்ச மாவுங்க?"

"நேத்து அரைச்சது. வேலை செய்ற ஆளுங்களுக்கு வடை சுட்டுக் குடுன்னு எங்க வீட்டுக்காரங்கதான் சொன்னாங்க. அரைச்சி முடிக்கிறப்ப அவங்களுக்கு அடிபட்டுருச்சின்னு யாரோ ஓடி வந்து சொன்னாங்க. ஜெனரேட்டரை நிப்பாட்டி, அப்படியே போட்டுட்டு ஓடினேன். மாவ வீணாக்க வேணாம்னுதான் இன்னைக்கி விடியச் சுட்டேன்."

"அதான் புளிப்பு," என்றாள் ரினோஸா மெதுவாக. தான் தின்றது சாட்சியம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னும் ஒன்று மீதி இருந்தது. அதைப் பொட்டலத்தில் பத்திரமாக மடித்தாள்.

"கரண்ட்டு இல்லாத நாள்ல எதுல அரைச்சீங்க?"

"அவங்க வேலைக்குப் போக முன்ன லொறியில இருந்து ஜெனரேட்டரைக் கொண்டாந்து வச்சிட்டுப் போனாங்க. அடுப்படி இருட்டு, ஜன்னல் இல்ல. லைட்டும் எரியட்டும், கிரைண்டரும் ஓடட்டும்னு வயரைச் செவுத்துலயே குடுக்கச் சொன்னாங்க." அவள் சொல்லிக்கொண்டே வந்து பழனியாண்டியைக் கண்டு தயங்கினாள். "மத்தியானம் திருப்பி வச்சிருவோம்னு சொன்னாங்கங்க."

"நேத்தே வச்சிருந்தா எனக்குப் பாதி நரை வந்திருக்காது," என்றார் அவர்.

"நான் ஒன்னும் தப்பா செய்யலீங்க. மொதல்ல மெயின் சுவிட்ச்ச நிப்பாட்டு, அப்புறம் வயரைச் சொருகுன்னு ரெண்டு தரம் சொல்லிட்டுப் போனாங்க. அப்படியேதான் செஞ்சேன். வந்து பாருங்க."

முன் காம்பராவில் மீட்டருக்குக் கீழே மெயின் சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. நேற்றிலிருந்து அதை யாரும் தொடவில்லை. பழனியாண்டி பெருமூச்சு விட்டார். சுதாகரனின் முகம் மறுபடி வாடத் தொடங்கியது. மெயின் அணைந்திருந்தால் ஜெனரேட்டர் கரண்ட் வீட்டைத் தாண்டிப் போகாது. அப்படியானால் மிச்சமிருப்பது பியூஸ்தான்.

வடிவு சுவரைத் தட்டிப் பார்த்தார். முன் காம்பராவுக்கும் அடுப்படிக்கும் நடுவில் புதிய சீமெந்துப் பூச்சு, வளைவு வைத்த வாசல்.

"அழகா இருக்கு. எப்ப வச்சது?"

"போன தீபாவளிக்குங்க. அந்தப் பக்கம் அவங்க அண்ணன் காம்பரா. அண்ணன் குடும்பத்தோட கொழும்புக்குப் போயிட்டாங்க. செவுர ஒடச்சி ஒரே வீடா ஆக்கிட்டோம்."

"ரெண்டு காம்பரா. ஒரு வீடு," என்றார் வடிவு. "ரினோஸா."

ரினோஸா ஏற்கெனவே அடுப்படிக்குள் போயிருந்தாள். பின்வாசலுக்கு மேலே முருகன் படம் போட்ட பெரிய நாட்காட்டி ஒன்று தொங்கியது. போன வருடத்தது. அவள் அதை மரியாதையாகக் கழற்றிக் கீழே வைத்தாள்.

நாட்காட்டி இருந்த இடத்தில் இன்னொரு மீட்டர் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு மெயின் சுவிட்ச். அது அணைக்கப்பட்டிருக்கவில்லை.

"அண்ணன் காம்பராவோட மீட்டர்," என்றாள் ரினோஸா. "அடுப்படி வயர் எல்லாம் இன்னும் இதுலதான் ஓடுது. முன்பக்கம் கதவப் பூட்டியிருக்கீங்க. பின்பக்கம் கதவு தொறந்து கிடந்திருக்கு."

சுலக்ஷனா அந்தச் சுவிட்ச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுதாகரன் அவள் கையிலிருந்த பிளாஸ்க்கை வாங்கி வைத்தான்.

"அப்ப அவங்களுக்கு அடிச்சது நான் போட்ட கரண்ட்டா?"

"நீங்க சொன்னபடிதான் செஞ்சீங்க," என்றார் வடிவு. "வீட்டுக்கு ரெண்டு மீட்டர் இருக்கிறத வீடே மறந்துருச்சி."

பழனியாண்டி தொண்டையைச் செருமினார். காகிதத்தை எடுத்தார். பேனாவையும் எடுத்தார். "நல்லதாப் போச்சி. சுதாகரன் பேர வெட்டிட்டு நிரோஷன் பேர எழுதுவோம். கேக்காம ஜெனரேட்டரை எடுத்தது, அந்த வயரைச் செஞ்சது எல்லாம் அவன்தானே."

"அப்படின்னா என் பேரே இருக்கட்டும்," என்றான் சுதாகரன். "அவனுக்குக் கையும் வெந்து வேலையும் போக வேணாம், கை வெந்ததோட நிக்கட்டும். குடுங்க பேனாவ."

"குடுக்காதீங்க," என்றாள் சுலக்ஷனா. குரல் உடைந்திருந்தாலும் வார்த்தை உடையவில்லை. "வயரைச் சொருகினது நான். பெரிய ஐயாகிட்ட நான் சொல்றேன். அவங்க கேக்காம எடுத்ததையும் சொல்றேன். அண்ணே சும்மா கெட்ட பேரு வாங்க வேணாம்."

வடிவு பழனியாண்டியின் கையிலிருந்த காகிதத்தை மெதுவாக வாங்கித் திருப்பினார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

"நடந்தது எல்லாத்தையும் எழுதுவோங்க. ஒன்னு, சுதாகரன் பியூஸைப் போடல. ரெண்டு, இந்த வீட்ல ரெண்டாவது மீட்டர் இருந்தது யாருக்கும் நெனப்பு இல்ல. மூணு, லொறியில எர்த் வயர் பொலித்தீன்கூடப் பிரிக்காம இருக்கு. மூணையும் எழுதினா ஒருத்தர் தலையில விழாது. பங்கு போட்டுக்கலாம். உங்களுக்கு எந்தப் பங்கு பெருசுன்னு பெரிய ஐயா பாத்துக்குவாரு."

பழனியாண்டி நெடுநேரம் பேனாவின் மூடியைத் திருகினார். பிறகு, "மூணாவத நானே எழுதுறேன். உங்க கையெழுத்துல வந்தா காரமா இருக்கும்," என்றார்.

*

பெரிய ஐயா மூன்று மணிக்கு வந்தார். இரண்டு மீட்டரையும் பார்த்தார். பொலித்தீன் பையை நீண்ட நேரம் பார்த்தார். பழனியாண்டியைத் தனியாக லொறிக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது பழனியாண்டி எர்த் வயரைப் பொலித்தீனிலிருந்து பிரித்துக்கொண்டே வந்தார். யாருக்கும் வேலை போகவில்லை. நிரோஷனுக்குக் கை ஆறும்வரை ஓய்வு, ஆறியபிறகு ஏச்சு. காகிதத்தின் பழைய பக்கத்தைக் குறுக்காக அடித்தவரும் பெரிய ஐயாதான். அந்த வீட்டுக்கு ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் பொருத்தி, அடுப்படியையும் முன் காம்பராவின் மீட்டருக்கே மாற்றினால்தான் லைன் கொடுப்பேன் என்றும் சொன்னார்.

"நான் கொண்டாந்திருக்கேன்," என்று ரினோஸா பையிலிருந்து எடுத்தாள்.

வடிவு அவளைத் திரும்பிப் பார்த்தார். "எப்படித் தெரியும்?"

"தெரியாது. துப்பறிய வாற எடத்துல வியாபாரமும் நடக்கட்டும்னு வாப்பா போட்டு விட்டாரு." அவள் சுலக்ஷனாவுக்குப் பிடியைக் காட்டினாள். "மேல தள்ளினா லைன் கரண்ட்டு. கீழ தள்ளினா ஜெனரேட்டர். நடுவுல நின்னா ஒன்னும் இல்ல. ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் போக இதால முடியாது. நீங்க மறந்தாலும் இது மறக்காது. ஜெனரேட்டரை மட்டும் எப்பவும் போல வெளியவே வைங்க, அந்தப் பொகை வீட்டுக்குள்ள ஆகாது."

சுதாகரனும் பெரிய ஐயாவோடு வந்த ஆளும் அதைப் பொருத்தும்போது சுலக்ஷனா ஆஸ்பத்திரிக்குக் கோல் எடுத்தாள். ஸ்பீக்கரைப் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

பிறகு நிரோஷனின் குரல் வந்தது. "அண்ணன் மீட்டரை நீ மறக்கல. நான் மறந்தேன். லைன்காரன் நான். நீ அழாத." இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "சுதா பக்கத்துல இருக்கானா? குடு," என்றது.

சுதாகரன் போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். என்ன பேசினார்கள் என்பது தெரியாது. திரும்பி வந்தபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்த வடை மிச்சம் இருக்கா?"

ரினோஸா பொட்டலத்தை நீட்டினாள். மறுகையில் குறடு. காலடியில், இரண்டு நுனியிலும் பிளக் வைத்த அந்த வயர் நடுவில் வெட்டப்பட்டுக் கிடந்தது.

நாலே முக்காலுக்கு, பெரிய ஐயாவோடு வந்த அந்த ஆள் போஸ்டில் ஏறி இறங்கினான். எர்த் வயரைக் கட்டி ஏறினான், வேலை முடிந்து அவிழ்த்து இறங்கினான். சுதாகரன் கைக்குட்டையை அவிழ்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நேற்றிலிருந்து சுமந்ததைத் தன் கையாலேயே போட்டான்.

கோயில் பல்பு எரிந்தது. ஆடாமல், மங்காமல், ஒரே சீராக எரிந்தது.

மலையிலிருந்து கூடையோடு இறங்கிவந்த அழகம்மா கோயிலடியில் நின்று அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னைக்கி ஆத்தா என்னையக் கண்டுக்கவே இல்ல," என்று சொல்லிவிட்டு, கொழுந்தை ஒருமுறை மோந்து பார்த்துக்கொண்டு நிறுக்கப் போனார்.